எஸ் இல்லாத பெயர்

மோயா அக்கா நான்காக மடித்த காகிதம் ஒன்றை என் கீபோர்டின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஓலை விசிறியை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். வெளியே காயலில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணி இருக்கும். அந்த நேரத்துக்கு எங்கள் பைரிக்கித் தீவில் நாய்கூடக் குரைக்காது. மினிபஸ்கள் மட்டும் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும், வரும்.

காகிதத்தைப் பிரித்தேன். பாதர் அன்டெரேயாவின் கையெழுத்து. கோயில் அறிவிப்புப் பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகிய சாய்ந்த எழுத்து. ‘டிரோபா பட்டெரிக்கி. மையானா தீவு. கப்பல் வேலை.’ அதற்குக் கீழே கல்யாணப் பதிவேட்டின் பக்க எண்.

“மூணு தடவை தேடச் சொன்னாரு பாதர்,” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

“ஒரு தடவை தேடினாலும் மூணு தடவை தேடினாலும் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணையேதான் சொல்லும் அக்கா.”

“மூணு வேற வேற நாள்ல. கோயில்ல கல்யாண ஓலை மூணு ஞாயிறு வாசிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. மூணு தடவையும் ஆள் கிடைக்கலைன்னா நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதை வச்சு அவரு பிஷப்புக்கு எழுதுவாராம்.”

விஷயம் இதுதான். மோயா அக்காவும் ரூக்கா அண்ணனும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். ஒன்பது வருஷமாக ஊரில் யாருக்கும் இதில் ஆட்சேபணை கிடையாது. ஆனால் பதிவேட்டில் அக்காவுக்கு ஏற்கனவே ஒரு புருஷன் இருக்கிறான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சரக்குக் கப்பலில் போனவன். செத்தான் என்றும் சேதி இல்லை, இருக்கிறான் என்றும் சேதி இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரே கூரைக்குக் கீழே பாயை விரித்துப் போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தியிருப்பார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அக்காவுக்கு அது ஆகாது. அப்படி வாழ்கிறவர்களுக்குப் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது, அது வாங்காமல் அவளுக்கு ஒரு ஞாயிறு போகாது. அதையும் விட மாட்டாள், ரூக்காவையும் விட மாட்டாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் அவர் வீடு. ஒன்பது வருஷமாக மீன் சட்டி ரோட்டைத் தாண்டிப் போகிறது, கழுவிய சட்டி திரும்பி வருகிறது. இப்போது பாதருக்கு ஈஸ்டர் முடிந்ததும் வேறு தீவுக்கு மாற்றல். அடுத்து வரப்போகிற சாமியார் எப்படிப்பட்டவரோ. அதனால்தான் இந்த அவசரம்.

என் மாமாவின் அரிசிக்கடைக்குப் பக்கத்து அறைதான் என் இடம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கூரைமேல் ஒரு சாட்டிலைட் தட்டு. அதற்கு முன்னால் நான் ரேடியோ நிலையத்தில் சேதி எழுதிக்கொள்கிற வேலையில் இருந்தேன். இன்ன தீவில் இருக்கிற இன்னாருக்கு, உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், அடுத்த கப்பலில் வா. இப்படி வருகிற சேதிகளை எழுதி வாசிக்கிறவரிடம் கொடுப்பேன். நாடு முழுக்க அதைக் கேட்கும். யாருக்கு யார் தேவைப்படுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது தேடுகிறவர்கள் என் அறைக்கு வந்து காதோடு காதாகப் பேர் சொல்கிறார்கள். பாலம் கட்ட வந்துவிட்டுப் போன வெளிநாட்டுக்காரர், தத்துப் போன தம்பி, ஒரே மழையிரவில் பார்த்த மாலுமி. நான் தட்டிப் பார்த்துச் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் இந்த அறையில் கேட்டதை நான் வெளியே சொன்னதில்லை, இன்றைக்கு வரை.

பேரைத் தட்டினேன். எங்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. பேருக்குப் பின்னால் அப்பா பேர் வரும், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஆள் மாறிப்போகாது. அந்தக் காலத்தில் ஒரு பக்கம் திறக்க ஒரு சட்டித் தண்ணீர் கொதித்துவிடும். படமாக இருந்தால் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் வானம் வரும், அப்புறம் கூரை, அப்புறம்தான் மனிதர்கள். பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிடுவார்கள்.

அக்கா தூங்கவில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலை. கழுத்தில் சுருக்கு வைத்த புது ரவிக்கை, அவளே தைத்தது. ஊரில் பாதிப் பெண்கள் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

திரையில் ஒன்றும் வரவில்லை. ‘இதைத் தேடினீர்களா?’ என்று கேட்டுவிட்டு, பெட்டி தானாகவே அந்தப் பேர் மாதிரியே தொடங்குகிற ஏதோ ஒரு கேக்கைக் காட்டியது. மேலே காப்பிப் பொடி தூவிய, அடுக்கு அடுக்கான கேக்.

“இது என்ன, கேக் கடை வச்சிருக்கானா?” என்று கேட்டாள் அக்கா.

“இல்லக்கா. பெட்டிக்குப் பேரு புரியலைன்னா தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லும். நம்ம வாத்தியாருங்க மாதிரி.”

அவள் சிரித்தாள். சிரித்தபோது தோள் இரண்டும் கீழே இறங்கின. அதுவரை அவை காதுக்குப் பக்கத்தில் இருந்தன என்பதை அப்போதுதான் கவனித்தேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருவார்கள். கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் கிடைக்காமல் இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

வெளியே பலாமரத்து நிழலில், மோட்டார் சைக்கிளின் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு ரூக்கா அண்ணன் காத்திருந்தார். எங்கள் ஊர்ப் பலா உருளைக்கிழங்கு மாதிரி சுட்டுத் தின்கிற ஈரப்பலா. அதன் கீழேதான் ஊரின் பாதிக் கதை நடக்கும். அவர் மீன் பிடிக்கிறவர். வயிறு முன்னே வரும், அவர் பின்னால் வருவார்.

“ஏ தெரேஸா,” என்று அங்கிருந்தே கேட்டார். “அந்தக் கப்பல்காரன் பெட்டிக்குள்ள இருந்தான்னா மூடியைத் திறந்துடாத. அப்படியே ஆணி அடிச்சிடு.”

“ஆணி உங்க செலவா அண்ணா?”

“சுத்தியும் என் செலவு.”

அக்கா வெளியே போய் அவர் முதுகில் விசிறியால் ஒன்று போட்டாள். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டாள். வண்டி போனது.

இரண்டாவது தடவை வந்தது அடுத்த வியாழக்கிழமை. ஒரு தட்டில் ஈரப்பலா வறுவல் கொண்டுவந்தாள். பேருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுத் தேடினேன், தீவின் பேரைச் சேர்த்துத் தேடினேன், அப்பா பேரை முன்னால் போட்டும் தேடினேன். பக்கம் திறக்கிற இடைவெளியில் அவள் பேசினாள். கேட்காமலே பேசினாள். ஆனால் அவன் பேரை மட்டும் சொல்லவே இல்லை. ‘அவன்’ என்றாள், ‘டெபோராவோட அப்பன்’ என்றாள். டெபோரா அவர்கள் பெண். அப்போது ஒரு வயசு, இப்போது இருபது, நர்சுக்குப் படிக்கிறாள்.

“கம்பெனியில இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. நியூசிலாந்துல ஏதோ துறைமுகமாம். கரைக்கு இறங்கினவன் கப்பலுக்குத் திரும்பலைன்னு எழுதியிருந்தாங்க. செத்துட்டான்னு எழுதியிருந்தா அழுது முடிச்சிருப்பேன். இன்னொருத்தியோட போயிட்டான்னு எழுதியிருந்தா திட்டி முடிச்சிருப்பேன். திரும்பலைன்னு எழுதினா நான் என்ன பண்றது, சொல்லு? தினமும் சாயங்காலம் ஒரு ஆளுக்குச் சேர்த்துப் பொங்கினேன். மூணு வருஷம். கோழிதான் கொழுத்துச்சு.”

“ரேடியோவுல சொல்லலையா?”

“சொன்னேனே. நீ அப்ப சின்னப் பிள்ளை. எட்டு வாரம் சொன்னாங்க. ரேடியோ நம்ம கடலைத் தாண்டாதே.”

இரண்டாவது தடவையும் ஒன்றும் இல்லை. அக்கா வறுவல் தட்டை எனக்கே விட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று, காயலைப் பார்த்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். இன்னும் ஒரு தடவைதான்.

அவள் போனபின் கடையில் ஈ பறந்தால் கேட்கிற அமைதி. தண்ணீர் முழுக்க வற்றிப்போய், காயல் வெள்ளை மணலாகக் கிடந்தது. தூரத்தில் இரண்டு பெண்கள் குனிந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அவர்களுடைய கால்கள் கரைந்துபோய், இடுப்புக்கு மேலே மட்டும் காற்றில் நகர்வதுபோல இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். பாதரின் காகிதம் கையில் இருந்தது. தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத அந்த நேரத்தில், சும்மா, எதற்கென்று இல்லாமல், அந்தப் பேரை வாய்விட்டு வாசித்தேன்.

“ஸிரோபா.”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. இன்னொரு தடவை சொன்னேன். ஸிரோபா. தூக்கம் போய்விட்டது.

எங்கள் எழுத்தில் எஸ் கிடையாது. பைபிளை அச்சடிக்க வந்தவர்கள் எங்களுக்குப் பதின்மூன்று எழுத்துதான் போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். டி-க்குப் பக்கத்தில் ஐ நின்றால் அது எங்கள் வாயில் ஸ் ஆகிவிடும். நாட்டின் பேரையே கிரிபாட்டி என்று எழுதி கிரிபாஸ் என்றுதான் சொல்கிறோம். என் பேரை டெரேட்டியா என்று எழுதி தெரேஸா என்று கூப்பிடுகிறார்கள். முப்பது வருஷமாக எனக்கு அது இரண்டாகத் தெரிந்ததே இல்லை. கண் டி-யைப் பார்க்கும், வாய் ஸ் என்று சொல்லும், நடுவில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். ஆனால் நியூசிலாந்தில் ஒருவன் ‘உன் பேர் என்ன’ என்று கேட்டு, இவன் வாயால் சொல்லி, அவன் காதால் கேட்டு எழுதியிருந்தால்?

கீபோர்டைப் பார்த்தேன். ஏ, ஐ, என், டி எல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டன. எஸ் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விட்டுவிடலாம் என்று ஒரு மனசு. தேடுகிற வேலையில் இருக்கிறவளுக்கு அந்த மனசு நிற்காது. அழுத்தினேன்.

ஒன்றே ஒன்று வந்தது. நியூசிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் மாதாகோவில் செய்தித்தாள், இரண்டு வருஷம் பழையது. பாடகர் குழுவின் படத்துக்குக் கீழே பேர்கள். இடமிருந்து மூன்றாவது: ஸிரோபா பட்டெரிக்கி, கிரிபாஸிலிருந்து வந்து நம்மோடு பல வருஷமாகப் பாடுபவர். நாட்டின் பேரையும் எஸ் போட்டே எழுதியிருந்தார்கள். படம் இறங்க ஆரம்பித்தது. முதலில் சாம்பல் நிற வானம். இலை இல்லாத மரங்கள். கல் கோபுரம். பிறகு தலைகள் வரிசையாக, வெள்ளைக்காரத் தலைகள் நடுவில் ஒரு கறுத்த வழுக்கைத் தலை. நெற்றி. கண். நம் ஊர்க் கண். வாய் திறந்து, ஏதோ ஒரு நீண்ட எழுத்தைப் பாடிக்கொண்டிருந்தான். கழுத்துவரை மூடிய கம்பளிக் கோட்டு. இடுப்புவரை வந்ததும் லைன் போய்விட்டது.

நான் பக்கத்தை மூடினேன்.

அந்த வாரம் எனக்கு நல்ல வாரம் இல்லை. கண்டுபிடித்தால் வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொன்னால் கல்யாணம் இல்லை. சொல்லாவிட்டால், ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று என் கையால் எழுதி, கோயிலுக்கு, பிஷப்புக்கு, அதற்கும் மேலே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஞாயிறு பூசையில் அக்காவைப் பார்த்தேன். பாடல் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அங்கே அவன், இங்கே இவள், இரண்டு பேரும் கோவிலில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவேளை ஒரே பாட்டாகக்கூட இருக்கலாம். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த என் சித்தி, பிரசங்கம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

திங்கட்கிழமை ரூக்கா அண்ணன் கடைக்கு ஒரு சூரை மீன் கொண்டுவந்தார். முழு மீன்.

“எதுக்கு அண்ணா இவ்வளவு பெரிசு?”

“மூணாவது ஓலை வாசிக்கப் போறவளுக்கு வயிறு காயக் கூடாதுல்ல.” மீனை மேஜைமேல் போட்டுவிட்டு அவர் உடனே போகவில்லை. திரையின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். “தெரேஸா, எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நீ எது சொன்னாலும் மோயாகிட்ட சொல்லு. அவ என்ன சொல்றாளோ அது எனக்குப் போதும். வேணாம்னு சொன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்துட்டுப் போறேன். ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய விஷயமில்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மீனை என்னால் சாப்பிட முடியவில்லை. மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாவது வியாழக்கிழமை அக்கா நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பாதரின் காகிதத்தை மறுபடி பிரித்து, தேய்த்து நேராக்கி, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பேரைத் தட்டவில்லை.

“அக்கா,” என்றேன். “இது நம்ம எழுத்து. அங்க இருக்கிறவங்க காதுல விழுற மாதிரி எழுதுவாங்க. அப்படி ஒரு தடவை தேடிப் பார்க்கட்டுமா?”

விசிறி நின்றது.

“பாதர் எப்படி எழுதிக் குடுத்திருக்காரு?”

“டி போட்டு.”

“அப்ப டி போட்டே தேடு.”

“அக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“நீ எஸ் போட்டுத் தேடிட்ட,” என்றாள். கோபம் இல்லை. நெய்யாத பாயின் ஓலைகளை எண்ணுகிறவள்போல அமைதியாகச் சொன்னாள். “போன ஞாயிறே தெரிஞ்சுது. பூசையில பாட்டு முடிஞ்சு கண்ணைத் திறந்தா, நீ என்னைப் பார்த்து அழுதுட்டிருந்த.”

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

“போன வருஷமே டெபோரா போன்ல காட்டிட்டா. அவளுக்கு எஸ் பழக்கம். ஆக்லாந்துல இருக்கிற பிள்ளைங்ககூட பேசுறவ. அம்மா, இது அப்பாவான்னு கேட்டா. ஆமான்னேன். ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்கலை. மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி ரவிக்கை கேட்டு வந்து நின்னா. எழுந்து தைச்சேன்.”

“அப்புறம் ஏன் அக்கா என்னைத் தேடச் சொன்னீங்க?”

“நான் யாரைத் தேடச் சொன்னேன்?” காகிதத்தின் மேல் விரலை வைத்தாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல். “இந்தப் பேரைத் தேடச் சொன்னேன். நான் கட்டிக்கிட்டவன் டி போட்டவன். மையானாவுல, என் அம்மா அப்பா முன்னால, பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டவன். அவன் எங்கயாவது இருக்கானா? இல்ல. நீயே ரெண்டு தடவை பார்த்துட்ட. அந்த எஸ்காரன் வேற ஆளு. கோட்டு போட்டுக்கிட்டு, குளிர்ல நின்னுக்கிட்டு, அவங்க பாட்டுப் பாடுறவன். அவனுக்கு நான் யாரு?”

“பாதருக்குத் தெரிஞ்சா?”

“பாதர் ஃபிஜியில ஏழு வருஷம் படிச்சவரு. அவருக்கு எஸ் தெரியாதா? அவரு எந்த எழுத்துல எழுதிக் குடுத்தாரோ அந்த எழுத்துல தேடச் சொன்னாரு. அதுக்கு மேல நானும் கேட்கலை, அவரும் சொல்லலை.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் கல்லைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தேடிக் கொடுக்கிறவளுக்குத்தான் தெரியவில்லை. கோபத்தோடேயே டி போட்டுத் தட்டினேன். கேக் வந்தது. அச்செடுத்தேன். அதன் கீழே, மூன்று நாள் தேடினேன், இந்தப் பெயரில் ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டெரேட்டியா என்று கையெழுத்துப் போட்டேன். அப்போது கோபம் போய்விட்டது. கோபம் இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை பேர் வைக்கத் தெரியவில்லை.

அக்கா காகிதத்தை வாங்கி, ஊதி மை காய்ந்ததா என்று பார்த்து, மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை.

“எஸ் போட்டு ஒரு தடவை காட்டு,” என்றாள். “போன்ல ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுது.”

காட்டினேன். வானம் இறங்கியது. மரங்கள், கோபுரம். அவள் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். தலை வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. திறந்த வாயைப் பார்த்ததும் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

“முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இப்பவும் சுருதி சேராமத்தான் பாடுவான்போல.”

கோட்டின் பொத்தான்கள் ஒன்றொன்றாக வந்தன. இடுப்பில் வந்து படம் நின்றது. நான் காத்திருக்கலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு, பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்துச் சொல்வதுபோல மெதுவாக, “ஸா போ” என்றாள். போய்வருகிறேன் என்பதற்கு எங்கள் சொல் அது. நாம் சந்திப்போம் என்பது அதன் பொருள். அந்தத் துறைமுகத்தில் அவன் இறங்கிப் போன நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் சொல்லப்படாமல் கிடந்த சொல்.

வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போனாள். ரூக்கா அண்ணன் வண்டியை எழுப்பும் சத்தம் கேட்டது. “ஆணி அடிச்சாச்சா?” என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை. அவர் வண்டியைக் கிளப்பினார்.

நான் பக்கத்தை மூடத் திரும்பினேன். லைன் திரும்ப வந்திருந்தது. நின்றுபோன படம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுகளின் கீழ் விளிம்பு, கால்சட்டைகள், கம்பளிக் காலுறைகள். அடியில் பனி படர்ந்த வெளுத்த புல். அந்தப் புல்லின் மேல் கறுப்புச் சப்பாத்துகள் வரிசையாக, துடைத்துப் பளபளப்பாக, இரண்டிரண்டாக நின்றன. மூன்றாவது இடத்தில் சப்பாத்து இல்லை.

ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று வாசல்வரை போனேன். கடலுக்கு நடுவே போகிற நீண்ட கல்பாதையில் வண்டி சிறிதாகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. அக்காவின் ரவிக்கை காற்று நிறைந்து உப்பியிருந்தது. ஒரு கையால் ரூக்கா அண்ணனின் தோளையும், இன்னொரு கையால் காகிதம் இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். படம் முழுசாக வந்து முடிந்திருந்தது. அந்தக் குளிரில், அத்தனை சப்பாத்துகளுக்கு நடுவில், இரண்டு வெறும் பாதங்கள். விரல்கள் அகல விரிந்து, பவளக்கல்லில் நடந்து வளர்ந்த பாதங்கள், பனிப்புல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றன.